சென்னை, மதராஸ்: ஒரு தலைநகருக்கு இரண்டு பெயர்கள் வந்த விதம்

மெரினா கடற்கரைச் சாலையில் சேப்பாக்கம் பக்கமாக நடந்து செல்பவர்கள் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். தமிழில் அது 'சென்னைப் பல்கலைக்கழகம்'; ஆங்கிலத்தில் 'யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்'. பாரிமுனையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கும் இதே நிலைதான். சென்ட்ரல் நிலையத்துக்குப் பயணச்சீட்டு எடுத்தால், ஊரின் பெயர் சென்னை என்று இருந்தாலும் ரயில்வேயின் குறியீடு இன்றும் 'எம்.ஏ.எஸ்.' என்ற மூன்று எழுத்துகளாகவே இருக்கிறது. விமானப் பயணத்தில் பெட்டியில் கட்டும் சீட்டில் 'எம்.ஏ.ஏ.' என்று வருகிறது. இந்த எழுத்துகள் எல்லாம் மெட்ராஸ் என்ற பெயரின் மிச்சங்கள்.

இதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை, 'இந்த ஊர் முன்பு மதராஸ், 1996இல் சென்னை என்று மாற்றினார்கள்' என்பதாகும். இது பாதி உண்மை. 1996இல் மாறியது ஆங்கிலத்திலும் மற்ற மொழிகளிலும் அரசு வழங்கிய பெயர் மட்டுமே. சென்னை என்ற பெயர் அன்று புதிதாகப் படைக்கப்படவில்லை. மதராஸ் என்ற பெயர் ஆங்கிலேயர் படைத்ததும் அன்று. ஏறத்தாழ 350 ஆண்டுகள் இரண்டு பெயர்களும் ஒரே ஊரின்மீது அருகருகே வாழ்ந்தன. ஒன்றை ஒரு சாராரும் மற்றொன்றை வேறொரு சாராரும் சொல்லி வந்தனர். அந்த இரட்டை வழக்கு எப்படி ஏற்பட்டது என்பதையும், ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள் என்பதையும் இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு ஏற்ற முறையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்ப்பெயர்களை ஆராயப் புகும் எவரும் முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சென்னையின் பெயரைப் பற்றிய விவாதங்களில் பாதி முடிவில்லாமல் நீள்கின்றன. நமக்கு நன்கு தெரிந்த தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அதுவே பெயரின் தோற்றம். தியாகராயர் என்ற சொல்லோ திருவாரூர் இறைவனின் பெயர். இதைக் கொண்டு, தி.நகருக்கும் திருவாரூர்க் கோயிலுக்கும் தொடர்பு உண்டு என்று யாராவது சொன்னால் நாம் ஏற்க மாட்டோம். அந்தப் பெயர் ஒரு மனிதரின் வழியாக ஊருக்கு வந்தது என்பது நமக்குத் தெரியும். இதற்கு மாறாக, ஆயிரம்விளக்கு என்ற பெயரின் பொருள் சிறு பிள்ளைக்கும் விளங்கும்; ஆனால் அது அங்குள்ள மசூதியில் ஏற்றப்பட்ட விளக்குகளைக் குறித்தது என்ற தோற்றச் செய்தியை, வரலாறு அறிந்த ஒருவர் சொன்னால்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், சென்னை, மதராஸ் என்ற இரண்டு பெயர்களும் எதிரெதிர் நிலையில் நிற்பது தெரியும். சென்னையின் தோற்றமும் பொருளும் ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. மதராஸ் என்ற பெயரோ இங்கே வெகு காலத்துக்கு முன்பே இருந்தது என்பது உறுதி. ஆனால் அதன் பொருள் இன்றும் பிடிபடவில்லை.

கதை 1639இல் தொடங்குகிறது. அப்போது சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் சிலர் ஏற்கெனவே காலூன்றியிருந்தனர். தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர் இருந்தனர். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. இன்னும் வடக்கே மசூலிப்பட்டணத்திலும் ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராயப்பட்டணத்திலும் வணிகம் செய்துவந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் வேறோர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். இந்தப் பகுதி அன்று விஜயநகர அரசின் கடைசி மன்னர்களுக்கு உட்பட்டிருந்தது. அவர்களின் கீழ் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியிலும், அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியிலும் இருந்து ஆண்டுவந்தனர். கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் டே என்பவர் வந்து பேச, அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைநின்று பேசுபவராகவும் பேரி திம்மப்பர் துணைநின்றார். அதன் பயனாக வேங்கடப்பர் கடலோரமாக ஒரு சிறு நிலப்பகுதியில் கோட்டை கட்டிக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை வழங்கினார். அந்த நாளாகக் கருதப்படும் ஆகஸ்ட் 22ஐத்தான் இன்று ஆண்டுதோறும் சென்னை தினமாகக் கொண்டாடுகிறோம். 1640இல் புனித ஜார்ஜ் திருநாளான ஏப்ரல் 23ஐ ஒட்டி, கோட்டை புனித ஜார்ஜின் பெயரைப் பெற்றது.

இந்த உரிமைப் பத்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோட்டை கட்டப்பட இருந்த இடத்தை அது மதராசப்பட்டணம் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. கம்பெனியார் ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்பே, உள்ளூர் ஆட்சியாளர் ஒருவர் கொடுத்த ஆவணத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆகவே மதராஸ் என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் என்று சிறுவயதில் நம்மில் பலர் கேள்விப்பட்டிருந்தாலும் அது சரியன்று. ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. அவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், பிறகு தங்கள் நாக்குக்கு ஏற்றபடி அதன் வாலை வெட்டிக்கொண்டார்கள்.

சென்னப்பட்டணம் என்ற பெயர் இதற்குச் சற்றுப் பிந்தியது. வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இது: மதராசப்பட்டணம் என்ற பழைய ஊர் வடக்கே இருந்தது, கோட்டையைச் சுற்றிப் புதிதாக நெசவாளர்களும் வணிகர்களும் குடியேறிய பகுதி அதற்குத் தெற்கே வளர்ந்தது. அந்தப் புதிய ஊருக்கே சென்னப்பட்டணம் என்று பெயரிட்டனர். விரைவிலேயே இடையிலிருந்த வெற்றிடம் வீடுகளாலும் தெருக்களாலும் நிரம்பி இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஊர் ஒன்றான பிறகும் பெயர்கள் இரண்டாகவே நின்றன. ஆங்கிலேயர் பழைய ஊரின் பெயரையே முழு நகரத்துக்கும் வழங்கினர். இங்குள்ள மக்கள் புதிய ஊரின் பெயரை முழு நகரத்துக்கும் வழங்கினர். பழைய பெயரை வந்தவர்களும் புதிய பெயரை உள்ளூரார்களும் பிடித்துக்கொண்டது, நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருப்பதற்கு நேர்மாறானது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இடையில் மூன்றாவது பெயர் ஒன்றும் தலைகாட்டியது. 1645இல் விஜயநகர மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் கம்பெனியின் உரிமையை உறுதிசெய்து கொடுத்த ஆவணத்தில், ஊர் அவருடைய பெயராலேயே ஸ்ரீரங்கராயப்பட்டணம் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பெயர் மக்கள் நாவில் ஏறவே இல்லை. அரசர் பெயர் சூட்டினாலும், ஊரார் அழைக்காவிட்டால் அந்தப் பெயர் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதற்கு நம் நகரத்திலேயே கிடைக்கும் பழைய சான்று இது.

இனி மதராஸ் என்ற சொல்லுக்கு வருவோம். இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டுள்ளன. மதரஸா எனப்படும் இஸ்லாமியக் கல்விக்கூடம் ஒன்று இங்கே இருந்ததால் இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். ஒலி ஒற்றுமை ஒன்றைத் தவிர இதற்கு வேறு பிடிமானம் இல்லை; ஒலி ஒற்றுமை மட்டும் ஒருபோதும் சான்றாகாது. மீனவர் குப்பம் ஒன்றின் தலைவருடைய பெயர் மாதரேசன் என்றும், கோட்டைக்காக அவருடைய வாழைத்தோட்டத்தைக் கேட்டபோது அவர் மறுத்தார் என்றும், ஊருக்கு அவர் பெயரையே வைப்பதாக வாக்குக் கொடுத்து அதைப் பெற்றார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கேட்பதற்கு இனிமையான கதை. ஆனால் கோட்டைக்கான உரிமைப் பத்திரத்திலேயே ஊரின் பெயர் மதராசப்பட்டணம் என்று இருக்கும்போது, கோட்டைக்கு நிலம் எடுக்கும்போது கொடுத்த வாக்குறுதியால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வது பொருந்தாது.

போர்த்துகீசியத் தொடர்பு சொல்லும் விளக்கங்களுக்கு இவற்றைவிட வலிமை அதிகம். சாந்தோமில் மதேய்ரோஸ் என்ற செல்வாக்கு மிக்க போர்த்துகீசியக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. பிற்காலத்தில் கம்பெனி தன் ஆளுநருக்கு என்று வாங்கிய மாளிகைகூட, 1753இல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தோனியா தெ மதேய்ரோஸ் என்ற பெண்மணியிடமிருந்து பெற்றதுதான். 1637ஆம் ஆண்டைக் குறிக்கும் மனுவேல் மத்ரா என்பவரின் கல்லறைக்கல் ஒன்று 1927இல் சாந்தோம் பகுதியில் வெளிப்பட்டபோது, பெயரின் புதிர் அவிழ்ந்துவிட்டது என்றே பலர் எண்ணினர். 'மாத்ரெ தெ தேயுஸ்', அதாவது இறைவனின் தாய் என்ற மரியன்னையின் போர்த்துகீசியப் பெயரோடு ஊர்ப்பெயரை இணைத்தவர்களும் உண்டு. காலமும் இடமும் பொருந்திவருவதால் இவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாமல் இருந்தது.

இந்த நிலையை மாற்றியது ஒரு கல்வெட்டு. 1367ஆம் ஆண்டைச் சேர்ந்த விஜயநகரக் காலக் கல்வெட்டு ஒன்றில், கிழக்குக் கரையின் சிறு துறைமுகங்களோடு சேர்த்து 'மாதரசன்பட்டணம்' என்ற பெயரும் சொல்லப்படுவது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498இல். அந்தக் கல்வெட்டு அதற்கும் 131 ஆண்டுகள் முந்தியது. கல்வெட்டில் உள்ள மாதரசன்பட்டணமும் நம் மதராசப்பட்டணமும் ஒன்றே என்று கொண்டால், போர்த்துகீசியக் குடும்பமும் மரியன்னை தேவாலயமும் மீனவர் தலைவரும் ஒரே அடியில் விலகிவிடுகிறார்கள். கரையோரச் சிறு துறைமுகம், பட்டணம் என்ற ஈறு, முன்பகுதியின் ஒலி ஆகிய மூன்றும் ஒத்துவருவதால் ஒன்றாகக் கொள்வதே இயல்பாகப் படுகிறது. 'மாதரசன்' என்று யாரோ ஒருவருடைய பெயர் அதில் ஒளிந்திருக்கலாம். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. அதற்கு மேல் மா அரசன், மாதர் அரசன் என்றெல்லாம் பிரித்துப் பொருள் சொல்வது சொல்லோடு விளையாடுவதே தவிர ஆராய்ச்சி ஆகாது.

சென்னை என்ற பெயரின் தோற்றம் இதைவிடத் தெளிவானது. கம்பெனிக்கு நிலம் கொடுத்த வேங்கடப்பர், ஐயப்பர் ஆகியோரின் தந்தை சென்னப்ப நாயக்கர். புதிய ஊர் தங்கள் தந்தையின் பெயரால் வழங்கப்பட வேண்டும் என்று மகன்கள் விரும்பினர் என்பது வழிவழியாக வந்த செய்தி. இதற்கு அக்குடும்பத்துக்குள்ளிருந்தே ஒரு சான்று கிடைக்கிறது. சென்னப்பரின் இன்னொரு மகனான அங்கபூபாலர் தெலுங்கில் ஒரு காவியம் இயற்றியவர். தம் சகோதரர் ஐயப்பர் பழவேற்காட்டுக்கும் மயிலாப்பூருக்கும் இடையே தந்தையின் பெயரால் சென்னப்பட்டணத்தை அமைத்தார் என்ற செய்தியை அதில் அவர் குறிப்பிடுகிறார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் போர்த்துகீசியரும் ஓயாமல் பகைத்துக்கொண்டிருந்த காலம் அது. இருவருக்கும் நடுவில் மூன்றாமவரைக் குடியேற்றினால் கரையில் அமைதி கிடைக்கும் என்று நாயக்கர்கள் எண்ணினர். தந்தையின் நினைவும் அன்றைய அரசியல் தேவையும் சேர்ந்து பிறந்த பெயர் சென்னப்பட்டணம்.

சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்று சொல்வோரும் பலர். இன்று பூக்கடைப் பகுதியில், தேவராஜ முதலித் தெருவில், சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்டிருக்கிறார்கள். ஊர் மக்கள் அதைப் 'பட்டணம் கோயில்' என்று அழைப்பார்கள். அந்தக் கோயில் முதலில் இருந்த இடம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகம். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களின்போது, கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று கருதிய கம்பெனியார் 1757இல் கோயிலை இடித்தனர். ஊரார் மனம் நொந்ததால் பிறகு வேறிடத்தில் நிலம் அளிக்கப்பட, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று இரட்டைக் கோயிலை எழுப்பினார். கம்பெனியார் இங்கே வந்த சில ஆண்டுகளிலேயே, 1640களில், பழைய கோயில் உருவாகிவிட்டது. ஆகவே கோயிலால் ஊருக்குப் பெயரா, ஊரால் கோயிலுக்குப் பெயரா என்ற கேள்வி எழுவது இயற்கையே. சிவனுக்கும் திருமாலுக்கும் ஒருசேரச் 'சென்ன' என்ற முன்னொட்டு அமைந்திருப்பதைப் பார்த்தால், ஊரின் பெயரைத்தான் இரு கடவுளரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னகேசவர் என்ற பெயர் கர்நாடகத்தின் பேலூரிலும் ஆந்திரத்துக் கோயில்களிலும் உண்டு. சென்னமல்லீசுவரரோ அவ்வளவு பரவலாகக் கேட்கக்கூடிய பெயர் அன்று.

இப்போது பொருள். தெலுங்கில் 'சென்னு' என்றால் அழகு. கன்னடத்தில் 'சென்ன' என்றால் அழகான, நல்ல என்று பொருள். பெங்களூருவில் நலம் விசாரிக்கும்போது 'சென்னாகித்தீரா?' என்று கேட்பதைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று, 'நன்றாக இருக்கிறீர்களா?' என்பதே அது. சென்னகேசவன் என்றால் அழகிய கேசவன். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட கித்தூர் ராணி சென்னம்மாவின் பெயரிலும், பெங்களூருவுக்கும் மைசூருக்கும் இடையே மரப்பொம்மைகளுக்குப் பேர்போன சென்னபட்டணத்தின் பெயரிலும் இருப்பது இதே சொல். சென்னப்பன் என்பது அழகன் என்று பொருள்படும் ஆட்பெயர். எனவே சென்னை என்றால் 'அழகிய ஊர்' என்று சொல்பவர்கள் சொல்லின் பொருளைச் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் ஊரின் அழகைப் பார்த்து யாரோ இப்பெயரை வைத்தார்கள் என்று அவர்கள் சொன்னால் அது தவறு. தியாகராய நகரைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் உதவுகிறது.

தமிழ்ச் சொல்லான 'சென்னி'யிலிருந்து சென்னை வந்தது என்ற கருத்தையும் இங்கே பார்த்துவிட வேண்டும். சென்னி என்றால் தலை. சோழர்களுக்குரிய பெயராகவும் அது வழங்கியது. தலைநகரத்துக்குத் தலை என்று பொருள்படும் பெயர் என்பது கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்த ஊர் சிறு குடியிருப்பாகத் தொடங்கியபோது அது எதற்கும் தலைநகரம் அன்று. சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த நிலப்பரப்பைப் புலியூர்க் கோட்டம், புழல் கோட்டம் என்ற பிரிவுகளாகக் குறிக்கின்றன. மயிலாப்பூர், திருவொற்றியூர் போன்ற ஊர்கள் அவற்றில் பேசப்படுகின்றன. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் சென்னப்பட்டணமே. சென்னியிலிருந்து வந்திருந்தால் சென்னிப்பட்டணம் என்று எங்காவது ஓரிடத்திலாவது இருந்திருக்க வேண்டும். நம் மொழியின்மீது உள்ள பற்றினால் எழும் விளக்கங்களைக்கூட, மற்ற விளக்கங்களை நிறுத்துப் பார்த்த அதே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

சென்னப்பட்டணம் எப்படிச் சென்னை ஆயிற்று என்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு மகிழ்ச்சி தரும் பகுதி. ஒரு சொல் நாள்பட்ட வழக்கில் தேய்ந்தும் குறுகியும் வேறு வடிவம் பெற்று, அந்த வடிவமே எல்லாராலும் ஏற்கப்படுமானால் அதை மரூஉ என்று நம் இலக்கணம் கூறும். ஊர்ப்பெயர்களில் இது மிகுதி. தஞ்சாவூர் தஞ்சை ஆகிறது. கோயம்புத்தூர் கோவை ஆகிறது. திருநெல்வேலி நெல்லை, புதுச்சேரி புதுவை, உதகமண்டலம் உதகை, நாகப்பட்டினம் நாகை. பின்பகுதி உதிர்ந்து, எஞ்சிய முன்பகுதி ஐகாரத்தில் முடிவது இதன் பொது வடிவம். நாகப்பட்டினம் நாகை ஆவதையும் சென்னப்பட்டணம் சென்னை ஆவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமே தேவைப்படாது. வேர்ச்சொல் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் உரியதாக இருக்கலாம். ஆனால் சென்னை என்ற இந்த வடிவம், இந்த ஐகார ஈறு, முழுக்க முழுக்கத் தமிழ் நாக்கு செதுக்கியது. தெலுங்கு பேசுவோர் இன்றும் நீளமாகச் 'சென்னபட்னம்' என்று சொல்வதைக் கேட்கலாம்.

ஆங்கிலேயரும் இதே வேலையைத்தான் வேறு விதமாகச் செய்தார்கள். மதராசப்பட்டணத்தில் உள்ள பட்டணத்தை உதறிவிட்டு மதராஸ் என்றார்கள். எழும்பூர் எக்மோர் ஆனதும், திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆனதும் போன்ற பெரிய சிதைவு எதுவும் இதில் இல்லை. இரண்டு பெயர்களும் ஒரே வாலை இழந்திருக்கின்றன. உதிர்ந்துபோன அந்தப் பட்டணம் என்ற சொல்லைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பட்டினம் என்பது பழந்தமிழில் கடற்கரையை ஒட்டிய துறைமுக ஊர். காவிரிப்பூம்பட்டினம் அனைவரும் அறிந்தது. நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பட்டினம், பாக்கம் என்று பெயர் என்பது நம் மரபு; சேப்பாக்கமும் நுங்கம்பாக்கமும் கோடம்பாக்கமும் அந்தப் பாக்கத்தை இன்றும் சுமந்து நிற்கின்றன. பட்டணம் என்பது கடலோரம் என்ற கட்டுப்பாடு இல்லாமல் பெருநகரம் என்ற பொருளுக்கு விரிந்த சொல். கிராமத்துப் பெரியவர்கள் 'பட்டணத்துக்குப் போறேன்' என்று சொன்னால், ஊர் எது என்று யாரும் கேட்டதில்லை. முன்பகுதி இரண்டும் உதிர்ந்து, பட்டணம் மட்டுமே இந்த நகரத்தின் பெயராக நின்ற வழக்கு அது.

சென்னை என்ற பெயர் நீண்ட காலமாகவே புழக்கத்தில் இருந்தது என்பதற்கு, எதிர்பாராத இடங்களிலும் சான்றுகள் கிடைக்கின்றன. கம்பெனி தன் நாணயச்சாலையில் முகலாயப் பேரரசரின் பெயரால் அச்சிட்ட நாணயங்களில், அச்சிட்ட ஊரின் பெயர் பாரசீக எழுத்தில் 'சீனாபட்டன்' என்று காணப்படுகிறது. இது சென்னப்பட்டணத்தின் பாரசீக வடிவமே; சீன நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆங்கிலத்தில் மதராஸ் என்று எழுதிய அதே கம்பெனி, இந்திய வணிகர்களின் கைக்குச் செல்லும் காசில் இந்தியர்கள் அறிந்த பெயரையே பொறித்தது. 19ஆம் நூற்றாண்டில் வள்ளலார் கந்தகோட்டத்து முருகனைப் பாடும்போது 'தருமமிகு சென்னை' என்றுதான் நகரத்தைச் சிறப்பிக்கிறார். சென்னை மாகாணம், சென்னை மாநகராட்சி, சென்னைப் பல்கலைக்கழகம் என்றே தமிழில் எழுதி வந்திருக்கிறோம். அதேசமயம் பேச்சில் 'மெட்ராஸ்' என்று சொல்லத் தமிழர்கள் தயங்கியதும் இல்லை. வட இந்தியாவில் 'மதராசி' என்ற சொல் தென்னிந்தியர் அனைவரையும் குறித்தது; கட்டம் போட்ட துணி உலகச் சந்தையில் மெட்ராஸ் துணி ஆயிற்று; கண் சிவந்து நீர் வடியும் நோய்க்கு 'மெட்ராஸ் ஐ' என்ற பெயர் இன்றும் மாறவில்லை.

இந்த நகரத்தின் பெயரில் தெலுங்கின் பங்கு இருப்பது ஒரு காலத்தில் வெறும் சொல்லாராய்ச்சியாக மட்டும் இருக்கவில்லை. மொழிவாரி மாநிலங்களுக்கான போராட்டத்தின்போது 'மதராஸ் மனதே', அதாவது மதராஸ் நம்முடையதே, என்ற முழக்கம் ஆந்திரர்களிடையே எழுந்தது. தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று ம.பொ.சி. முழங்கினார். தனி மாநிலம் கோரி மயிலாப்பூரில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது நகரம் தமிழர்களிடமே இருந்தது. ஒரு தெலுங்குத் தலைவரின் பெயரிலிருந்து வந்தது என்பதனால் சென்னை என்ற பெயர் நம்முடையதாகாமல் போய்விடுமோ என்று சிலர் கவலைப்படுவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கவலை தேவையற்றது. இந்த ஊரை நெசவாளர்களும் வணிகர்களும் மீனவர்களும், தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் சேர்ந்தே கட்டினார்கள். பெயரும் அப்படியே கட்டப்பட்டிருக்கிறது.

பெயரைவிட நகரத்தின் பகுதிகள் மூத்தவை என்பதும் புதியவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மயிலாப்பூரும் திருவொற்றியூரும் திருவான்மியூரும் தேவாரப் பாடல் பெற்றவை. திருவல்லிக்கேணியை ஆழ்வார்கள் பாடியிருக்கிறார்கள். அவையெல்லாம் சென்னப்பட்டணத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் மூத்த ஊர்கள். கம்பெனி திருவல்லிக்கேணியை 1676இலும், எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவற்றை 1693இலும், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து ஊர்களை 1708இலும், சாந்தோமையும் மயிலாப்பூரையும் 1749இலும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் மூத்த ஊர் இளைய ஊரின் பெயருக்குள் அடங்கியது. மயிலாப்பூர்வாசிகள் சிலர் பாரிமுனைப் பக்கம் போவதைப் 'பட்டணம் போவது' என்று சொல்லிவந்தது, அவர்களுடைய ஊர் தனி ஊராக இருந்த நாள்களின் நினைவு.

சட்டத்தின் வழியாக நடந்த மாற்றங்கள் இரண்டு; இவற்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது மாநிலத்தின் பெயர். அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, 1969 ஜனவரி 14ஆம் நாள் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. அப்போது தலைநகரின் பெயர் தொடப்படவில்லை. ஆங்கிலத்தில் அது மெட்ராஸாகவே தொடர்ந்தது. இரண்டாவது மாற்றம், கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1996இல் வந்தது. எல்லா மொழிகளிலும் சென்னை என்ற ஒரே பெயர் என்று அரசு முடிவுசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் பம்பாய் மும்பை ஆகியிருந்தது. 2001இல் கல்கத்தா கொல்கத்தா ஆனது. கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கல்கத்தாவில் ஒரே பெயரின் ஆங்கிலத் திரிபு திருத்தப்பட்டது. நம் நகரத்திலோ ஒரு பெயர் எடுக்கப்பட்டு, அதற்கு இணையாக வாழ்ந்துவந்த வேறொரு பெயர் அந்த இடத்தில் வைக்கப்பட்டது.

எடுக்கப்பட்ட பெயர் முழுவதும் போய்விடவில்லை. 1835இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி, 1857இன் பல்கலைக்கழகம், 1959இன் ஐ.ஐ.டி. ஆகியவை ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்பதையே தாங்கி நிற்கின்றன. 1862இல் நிறுவப்பட்ட உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரை மாற்ற 2016இல் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அதில் சென்னை உயர் நீதிமன்றம் என்ற பெயர் முன்வைக்கப்பட, தமிழக அரசு தமிழ்நாடு உயர் நீதிமன்றம் என்ற பெயரைக் கோரியது. கொல்கத்தாவிலிருந்தும் மறுப்பு வந்ததால் அந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. சென்னகேசவர் கோயில் ஒரு காலத்தில் நின்றிருந்த அதே மண்ணில் எழுந்த அந்தச் செந்நிறக் கட்டடத்தில், ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்பிலும் இன்றும் மெட்ராஸ் என்றே அச்சாகிறது.